தம்பிக்குப் படைத்த கொக்குப் போத்தல்

1

குடும்பக் குழுவில் யாரோ போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து ஆளுக்காள் எழுதியிருந்தீர்கள். ‘குகனுக்கு எட்டுப் படையல் நல்லாச் செய்திருக்கிறியள்’ என்று ஒருவர். ‘பிரெஞ்சுப் போத்தலல்லோ வைச்சிருக்கிறியள், ராசா மாதிரி அனுப்பியிருக்கிறியள்’ என்று இன்னொருவர். கீழே கும்பிடும் கைகள், அழும் முகங்கள், நடுவில் ஒரு சிரிக்கும் முகம். சிரித்தது யாரென்று எனக்குத் தெரியும். அவனை நான் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

அந்தப் போத்தல் என்னுடையது. கண்ணாடியில் என் பெயரே பொறித்திருக்கிறது. படம் எடுக்கும்போது பெயர் தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம். தம்பி குகன் போய் இரண்டு மாதமாகப் போகிறது. நான் இன்னும் அந்தக் குழுவில் ஒரு வரி எழுதவில்லை. பெருவிரலால் தட்டி அனுப்புகிற விஷயமில்லை இது. அதனால்தான் ஒக்லாந்தில், கிளென் ஈடன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். வாசித்து முடித்த பிறகும் ராசா மாதிரி அனுப்பினோம் என்று யாராவது சொன்னால் சொல்லுங்கள்.

2

நான் ஒக்லாந்தின் தென்பக்கம், விரி என்கிற இடத்தில் வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்பது பலருக்குத் தெரியாது, நானும் சொல்லித் திரிந்ததில்லை. பிரான்சிலிருந்து குடிவகை இறக்குமதி செய்கிற ஒரு பண்டகசாலையில் இருப்புக் கணக்குப் பார்க்கிறேன். ‘ராஜி சாராயக் கடையில வேலையாம்’ என்று ஒரு காலத்தில் யாரோ எழுதியதும் என் காதுக்கு வந்தது. சாராயக் கடை இல்லை. சாராயக் கடைகளுக்கெல்லாம் அனுப்புகிற இடம். இப்போது திருப்தியா?

கம்பனியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வேலை போகும். ஆனால் அதன் கதையை நித்திரையிலும் சொல்லுவேன், வருடா வருடம் பயிற்சி என்று எங்களை உட்கார வைத்து அதைத்தான் ஓதுகிறார்கள். தென்மேற்குப் பிரான்சில் ஓர் ஆற்றங்கரை. அங்கே விளைகிற திராட்சையில் செய்த வைன் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அதைச் செப்புப் பானையில் இரண்டு தரம் காய்ச்சி வடித்து ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்காய்ப் போட்டு வைத்தால் கொன்யாக் என்கிற பிரண்டி. பீப்பாய் செய்கிற தச்சன் ஒருவன், திராட்சைத் தோட்டம் இருந்த ஒரு விதவையைக் கட்டினான். பீப்பாயும் தோட்டமும் சேர்ந்தன, கம்பனி பிறந்தது. ஆற்றில் கொக்கு நின்றதாம், அதையே லேபிளில் போட்டார்கள்.

பிறகு எல்லாம் எங்கட ஆட்கள் சம்பந்தம் பேசுகிற மாதிரித்தான். மகளை வடக்கே தோடம்பழத் தோலில் மதுச் செய்கிற வீட்டுக்குக் கொடுத்தார்கள், அந்தச் சாமானும் இவர்களுடையதாயிற்று. மடத்துத் துறவிகள் மூலிகை போட்டுச் செய்த பச்சைத் தண்ணீர் ஒன்றைப் பேரன் விலைக்கு வாங்கினான். தெற்கே பெருஞ்சீரக வாசம் அடிக்கிற ஒன்றையும் எங்கோ ஒரு தீவில் ரம் வடிக்கிற ஆலையையும் அவன் பிள்ளைகள் வாங்கினார்கள். வெளியாட்களுக்குப் பங்கு விற்றபோதும் பிடி குடும்பத்தின் கையில்தான். பெட்டிகளில் இருக்கிற பிரெஞ்சுப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாது. அதனால் பண்டகசாலையில் நாங்கள் கொக்கு, தோடம்பழம், சாமியார், சீரகம் என்றுதான் சொல்லுவோம். சமோவாக்காரப் பெடியன்களும் இப்போது ‘கொக்கு’ என்றுதான் கத்துகிறார்கள்.

கொக்குப் போத்தலில் தரத்தைக் குறிக்க நாலு எழுத்து இருக்கும். பிரெஞ்சுக்காரனின் சாமானில் ஏன் ஆங்கிலச் சொற்களின் எழுத்து என்று கேட்டேன். அந்தக் காலத்தில் வாங்கிக் குடித்தவன் இங்கிலிஷ்காரன், அதனால் என்றார்கள். செய்கிறவன் ஒருவன், குடிக்கிறவன் வேறொருவன். இத்தனை வருடமாக நானும் அதைத் தொட்டேன், எண்ணினேன், அனுப்பினேன். வாயில் வைத்ததில்லை.

3

குகன் வைத்தான்.

என்னைவிட ஆறு வயது இளையவன் என்பதும், கணக்கில் புலி என்பதும், ஊர் ரியூட்டரியில் அவன் படிப்பித்த வகுப்புக்குத்தான் பொம்பிளைப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்த கதை. இங்கே அகதியாக வந்து கம்பளத் தொழிற்சாலையில் நின்றான். பிறகு பஸ் ஓட்டினான். விடியற்காலைப் பஸ். குடி எப்போது தொடங்கியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கட ஆட்களின் பிறந்தநாள் வீடுகளில் ஆண்கள் எல்லாம் கராஜுக்குள் போய்விடுவார்கள். கராஜுக்குள் என்ன நடக்கிறது என்று நாங்கள் பெண்கள் பார்ப்பதில்லை, ரோல்ஸ் பொரித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருப்போம். முதலில் பியர். பிறகு விஸ்கி. பிறகு யாரோ ஒரு கலியாணத்துக்குக் கொக்குப் போத்தல் கொண்டுபோக, கொக்கு இல்லாத கலியாணம் கலியாணமே இல்லை என்று ஆகிவிட்டது.

‘அக்கான்ர கம்பனிச் சாமான்’ என்று தூக்கிக் காட்டுவான் குகன், ஏதோ நான் அந்த ஆற்றங்கரையில் பிறந்தவள் மாதிரி. ஒரு நாளும் நான் அவனுக்கு ஒரு போத்தல் கொடுத்ததில்லை. கேட்கவும் இல்லை அவன். கடையில் தானே வாங்கினான்.

ஒரு விடியற்காலை டிப்போவில் குடிச் சோதனைக்கு ஊதச் சொன்னார்கள், ஊதினான். அதோடு பஸ் வேலை போயிற்று. அதற்குப் பிறகு பக்குரங்காவில் அவர்களுடைய வீட்டின் முன்னறைச் சோபாவில்தான் அவன் இருப்பு. சாந்தி, அவன் பெண்சாதி, முதியோர் இல்லமொன்றில் இராவேலைக்குப் போய்த்தான் மோர்ட்கேஜைக் கட்டினாள். பகலில் வந்து படுப்பாள், எழும்பிச் சமைப்பாள், போவாள். போத்தல்களைத் தேடித் தேடிக் கவிழ்த்து ஊற்றினாள். குசினியில் சிங்குக்குக் கீழே, குளோறின் போத்தல்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பான். அதையும் கண்டுபிடித்தாள். கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள், டொக்டரிடம் இழுத்துப் போனாள், காலில் விழுந்தாள். அவன் அழுவான், சத்தியம் பண்ணுவான், பின்னேரம் வெளியே போய்வருவான். கடைசி வருடம் கண் மஞ்சள், வயிறு வீக்கம். என் தம்பியை நான் பார்க்கப் போகவே பயந்தேன். போனால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

4

ஆஸ்பத்திரியில் அவன் உயிர் போன அன்று நான் அலுவலகங்களுக்கு அறிவிக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். சாந்திக்கு வாய் திறக்க இயலவில்லை. அரசாங்க அலுவலகமொன்றுக்குப் போன் எடுத்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில், தம்பி எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்றேன். ‘அவருடைய விசாவா?’ என்றது போனை எடுத்த பிள்ளை. ‘இல்லை, ஆளே’ என்றேன். பிறகு பாட்டுப் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள்.

சகோதரம் செத்தால் இங்கே சட்டப்படி மூன்று நாள் லீவு. கலியாணம் முடித்துப் போன அக்காவுக்கு எங்கட முறைப்படி மூன்று நாள்தான் துடக்கு, தீட்டு. வெள்ளைக்காரனின் சட்டமும் எங்கட சாத்திரமும் ஒத்துப்போன ஒரே இடம் இதுதான் போலிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து, நான் மூன்று நாளில் அழுது முடிக்க வேண்டும்.

மெல்பேர்னிலிருந்து என் மகள் செய்தி அனுப்பினாள். ‘உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் அம்மா’ என்று ஆங்கிலத்தில், ஒரு வெள்ளைப் பூவோடு. என் இழப்பாம். அவளுக்கு அவன் மாமா இல்லையா? சின்னனில் தோளில் ஏற்றிக்கொண்டு கடற்கரை முழுக்கத் திரிந்தவன். பதில் எழுதினேன், அழித்தேன், ‘சரி’ என்று மட்டும் போட்டேன்.

செத்தவீட்டை நடத்துகிற வெள்ளைக்காரர் நல்ல மனிதர். குகனுக்கு எதில் ஆசை, மீன்பிடியா, றக்பியா, பெட்டிக்குள் ஏதாவது வைக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார். நான் சாந்தியைப் பார்த்தேன். அவள் மகனைப் பார்த்தாள். அருண் ஒரே பிள்ளை, இருபத்தொரு வயது, யூனியில் படிக்கிறான், தகப்பனின் நெற்றி, தகப்பனின் நீட்டுக் கை. ‘கிரிக்கெட்’ என்றான் கடைசியில். எத்தனை வருடத்துக்கு முந்திய குகனைச் சொல்கிறான் என்று எனக்கு விளங்கியது.

5

சாம்பல் எடுத்த அன்று பொன்னுத்துரை அண்ணை எட்டாம் நாள் படையலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எங்கட ஒன்றுவிட்ட அண்ணன். செத்தவீடு, கலியாணவீடு எல்லாவற்றுக்கும் ஒக்லாந்தில் எங்கட பக்கத்துக்கு அவர்தான் தலை. மச்சம் மாமிசம் தொடாதவர், வாயில் ஒரு சொட்டுக் குடி படாதவர். அதை ஏன் சொல்கிறேன் என்றால், குடிக்கிற ஆசையில் அவர் கேட்டார் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

“செத்தவனுக்கு என்ன விருப்பமோ அதை எட்டில படைக்க வேணும்” என்றார். “மீன், இறைச்சி, நண்டு எல்லாம் சமையுங்கோ. போத்திலும் வைக்க வேணும்.”

சாந்தி தரையில் இருந்தாள். தலை நிமிர்த்தாமல் சொன்னாள்: “போத்தில் வேண்டாம்.”

“பிள்ளை, நான் சொல்லுறது எங்கட முறை.”

“அவரைக் கொண்டுபோனதே அதுதான் அண்ணை. அதுக்கு நான் விளக்குக் கொளுத்திக் கும்பிட வேணுமோ?”

“நீ கும்பிடுறது அவனை. ஆசையோட போனது படைக்காட்டி வந்து வந்து கேக்கும். நான் கண்டிருக்கிறன். படைச்சதைக் கொட்டவும் ஏலாது. கொள்ளி வைச்சவன் ஒரு சொட்டாவது நாக்கில வைக்க வேணும். அதோட அவன் போயிடுவான்.”

கொள்ளி வைத்தவன் அருண். இங்கே கொள்ளி என்றால் என்ன, ஒரு பொத்தானை அமத்தினான். மூலையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தமிழ் முழுக்க விளங்கும் அவனுக்கு, பதில்தான் ஆங்கிலத்தில் வரும்.

எங்கட ஊர்ப் பக்கத்து வழக்கம் இது, உங்களில் சிலருடைய ஊரில் வேறாக இருக்கலாம். எங்களைப் பெற்ற ஐயாவின் எட்டில் கள்ளு வைத்ததும், குகன் அதை நாக்கில் தொட்டுவிட்டு முகத்தைச் சுளித்ததும் எனக்கு நல்ல ஞாபகம். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

அண்ணை போன பிறகு சாந்தி என் கையைப் பிடித்தாள். எலும்பு தட்டுகிற மாதிரிப் பிடி. “மச்சாள், அந்தச் சனியன் என்ர வீட்டுக்குள்ள வரக் கூடாது. போனவருக்கு இனி என்ன? எனக்கு இருக்கிறது உவன் ஒருத்தன். உவன்ர நாக்கில அதைத் தடவி விட நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? ஒரு சொட்டிலதானே அவரும் தொடங்கினவர்.”

“ஒருத்தரும் தடவ மாட்டினம்” என்றேன். “நான் நிக்கிறன்.”

6

லீவு முடிந்து நான் வேலைக்குப் போன கிழமையில்தானா அந்தப் பெண் பிரான்சிலிருந்து வர வேண்டும்? கம்பனிக் குடும்பத்தின் ஆறாவது தலைமுறை. பெயர் கிளேர். முப்பத்தைந்து வயதிருக்கும், சப்பாத்தில் தூசி படுவதைப் பற்றிக் கவலைப்படாமல் பலகைத் தட்டுகளுக்கிடையில் நடந்தாள். திரையில் படங்கள் காட்டினாள். பீப்பாய்த் தச்சன், விதவை, மீசை வைத்த பேரன்கள். பீப்பாயிலிருந்து வருடா வருடம் கொஞ்சம் காற்றில் போய்விடுமாம், அதைத் தேவதைகளின் பங்கு என்று விட்டுவிடுவார்களாம். வடிப்பவன் அதைக் குடிக்க இருக்க மாட்டானாம், அவ்வளவு காலம் எடுக்குமாம்.

“நாங்கள் விற்பது தாத்தா வடித்ததை. நாங்கள் வடிப்பது பேரன் விற்பதற்கு” என்றாள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், சம்பளம் வாங்குகிற கை.

பிறகு நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு போத்தல். கொக்கில் மிகப் பழையது, மரப்பெட்டிக்குள் வெல்வெட். என் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் பொறித்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சம்பளத் துண்டில்கூடப் பிழையாக வருகிற பெயர் அது.

தேநீர் மேசையில் அவள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மனேஜர் சொல்லியிருப்பார், தம்பிக்காக வருந்துகிறேன் என்றாள். எனக்கு என்ன பேய் பிடித்ததோ, வாய் கேட்டுவிட்டது: “உங்கள் குடும்பத்தில் இதைக் குடித்துச் செத்தவர் யாராவது உண்டா?”

மனேஜரின் முகம் வெளிறிப்போனது. அவள் மட்டும் கோபிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, “என் சித்தப்பா” என்றாள். “நான் காட்டிய படங்களில் அவர் இல்லை. எங்கள் வீட்டு மண்டபத்திலும் அவர் படம் இல்லை.” பிறகு, “உங்கள் தம்பியும் இதைத்தானா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் என் தோளில் கை வைத்தாள். தட்டிவிடத்தான் நினைத்தேன், முடியவில்லை. அந்தப் போத்தலைக் காரின் டிக்கியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓட்டினேன். வழியெல்லாம் சத்தம் போட்டு அழுதேன்.

7

எட்டுக்கு முதல் நாள் காலையில் சாந்தி போன் எடுத்தாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

“மச்சாள், போத்தில் ஒண்டு கொண்டு வாங்கோ.”

“உமக்கென்ன விசரே? வேண்டாமெண்டு கையைப் பிடிச்சு அழுதனீர்.”

“அவர் வந்திட்டார் மச்சாள்.”

“எப்ப?” என்றேன்.

“இராவேலைக்கு நான் போகேல்ல, அறைக்குள்ள படுத்திருந்தனான். சிங்குக்குக் கீழ கபேட் திறந்த சத்தம். அந்தக் கதவு கிறீச்செண்டும், உங்களுக்குத் தெரியும்தானே. போத்தில்கள் அரக்கின சத்தம். பிறகு மூடின சத்தம். நேற்று மட்டுமில்லை, முந்தநாளும். எழும்பிப் போய்ப் பாக்கேல்ல, போர்வையை இழுத்துப் போத்துக்கொண்டு கிடந்தன். தேடுறார் மச்சாள். நான் எல்லாத்தையும் ஊத்திப்போட்டனே. செத்தும் அந்த மனுசன் தேடிக்கொண்டு திரியுது.”

நான் படித்தவள். ஒரு பண்டகசாலையையே கணினியில் எண்ணி வைத்திருப்பவள். எனக்கும் ஒரு விநாடிகூட வேறு நினைப்பு வரவில்லை என்றால் நம்புவீர்களா? அவன் குனிந்து, குளோறின் போத்தல்களை விலத்தி விலத்திப் பார்ப்பது கண்ணுக்குள் வந்தது. கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் நிமிருவானே, அந்த முகமும் வந்தது. இருந்தபோது கொடுக்காததைச் செத்தவனுக்கு ஒரு தரம் கொடுத்தால் என்ன? அவ்வளவோடு போய்ச் சேரட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

“கொண்டு வாறன்” என்றேன். “ஆனா அருணை அண்டவிட மாட்டன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

8

தலைவாழை இலைக்கு இங்கே இந்தியக் கடையில் உறைந்த இலைதான். பனி இளகியதும் ஓரமெல்லாம் கறுத்துப்போய்விடும். அந்த இலையில்தான் சோறும், நண்டும், இறால் பொரியலும், ஆட்டிறைச்சியும், முட்டையும் பரிமாறினோம். அவன் கடைசி இரண்டு வருடமாக ஒரு பிடி சோறு ஒழுங்காகத் தின்றதில்லை. எல்லாம் பழைய ஞாபகத்தில் சமைத்தது. சாம்பிராணிப் புகைக்கு அலாரம் கத்தும் என்று அருண் கதிரையில் ஏறிப் பற்றறியைக் கழற்றினான். சனத்தைக் கூப்பிடவில்லை. சாந்தி, அருண், பொன்னுத்துரை அண்ணை, நான். வாசலில் எட்டிப் பார்த்துப் படமெடுத்துப் போன ஒன்றிரண்டு பேர்தான் உங்களுக்கு அனுப்பியவர்கள்.

பின்னேரம் விளக்குக் கொளுத்தினோம். போத்தலை நான்தான் திறந்தேன், நான்தான் வார்த்தேன். அருண் கற்பூரம் காட்டினான். எங்களைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார் அண்ணை. செத்தவர் வந்து உண்ணும் நேரம். அடைத்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சாந்தி மெல்ல, மிக மெல்ல, “குடியுங்கோ. குடிச்சிட்டுப் போங்கோ” என்றாள். இருபத்துச் சொச்ச வருடச் சண்டையில் அந்தச் சொல்லை அவள் அன்றுதான் சொன்னாள்.

கதவைத் திறந்தோம். அண்ணை கிளாஸை எடுத்து அருணிடம் நீட்டினார். “இந்தா தம்பி. அப்பான்ர பங்கு. ஒரு சொட்டுப் போதும்.”

அருணின் கை எழும்பிற்று. சாந்தி என்னைப் பார்த்தாள். நான் இடையில் பாய்ந்து கிளாஸைப் பறித்தேன். கொஞ்சம் என் சீலையில் சிந்தியது.

“என்ன பிள்ளை செய்யிறாய்? கொள்ளி வைச்சவன் அவன்!”

“ஒரே வயித்தில கிடந்தவள் நான். எனக்கில்லாத உரிமை ஆருக்கு?”

“பொம்பிளை நீ...”

“பொம்பிளைதான். அதுக்கென்ன இப்ப?”

குடித்தேன். ஒரு சொட்டில்லை, முழுக் கிளாஸையும் மடக்மடக்கென்று குடித்தேன். எங்கள் விளம்பரத் தாளில் உலர்ந்த அப்ரிக்கொட், வனிலா, பழைய தோல் என்றெல்லாம் போட்டிருக்கும். கோதாரி விழ, எனக்கு நெருப்புத்தான் தெரிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் இருந்தேன், அவனுடைய சோபாவில். கண்ணால் தண்ணீர் ஓடிற்று. இதுக்கா தம்பி, இதுக்கா நீ எங்களையெல்லாம் விட்டாய் என்று கத்தவேண்டும் போலிருந்தது. சாந்தி ஓடிவந்து என் காலடியில் இருந்து மடியில் தலையை வைத்தாள். “தெய்வமே, என்ர பிள்ளையைக் காப்பாத்திட்டியள் மச்சாள். அவரும் இனிப் போயிடுவார். இனிக் கபேட் திறக்க மாட்டார்.”

அருண் இலைக்கு முன்னால் அப்படியே நின்றான். பிறகு ஆங்கிலத்தில் சொன்னான். “அம்மா, கபேட்டைத் திறந்தது நான்.”

சாந்தி தலையைத் தூக்கினாள்.

“அப்பா இல்லை. நான்தான். ஏதாவது மிச்சம் இருக்கா எண்டு பாத்தனான். மாமி, நீங்கள் எனக்காகக் குடிச்சிருக்கத் தேவையில்லை. எனக்கு அது புதுசில்லை.”

பொன்னுத்துரை அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பேய் என்று நாங்கள் மூன்று பேர் நம்பினோம். பெற்றவள் அறைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள். நான் கிளென் ஈடனில் இருந்து பயந்து, படையலுக்குச் சாமானும் கொண்டு வந்தேன். அந்த வீட்டில் ஒரு பெடியன் உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்பு எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

“எப்பவிருந்து?” என்றாள் சாந்தி.

“பள்ளிக்கூடத்தில இருக்கேக்க. பதினாலு, பதினஞ்சு வயசிருக்கும்.”

“ஆர் தந்தது?”

அருண் தகப்பனின் அந்த நீட்டுக் கையால் கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னான், குற்றம் சாட்டுகிற குரலே இல்லாமல். “எனக்கு இருமல் அம்மா. விடாத இருமல். நீங்கள் வேலையில இருந்து போன் எடுத்து, அவனுக்குச் சுடுதண்ணியில ஒரு கரண்டி பிரண்டி விட்டுக் குடுங்கோ எண்டு அப்பாட்டச் சொன்னீங்கள். அப்பா கரண்டி தேடிப் பாத்தார், கிடைக்கேல்ல. ரெண்டு கிளாஸ் எடுத்துக்கொண்டு வந்தார். அதுக்குப் பிறகு நீங்கள் வேலைக்குப் போற இரவெல்லாம் நாங்கள் ரெண்டு பேரும் இருந்து கதைச்சம். வேற நேரம் அப்பா என்னோட கதைக்கிறேல்ல.”

எங்கட எந்த வீட்டில்தான் அந்தக் கரண்டி இல்லை, சொல்லுங்கள் பார்ப்போம். தடிமனுக்கு, இருமலுக்கு, பிள்ளைப்பெற்ற உடம்புக்கு எங்கட அம்மாமார் கொடுத்ததுதானே. நானும் என் மகளுக்குக் கொடுத்திருக்கிறேன். விஸ்கி குடி, பிரண்டி மருந்து. அப்படித்தானே வளர்ந்தோம்.

சாந்தி அழவில்லை. கையை ஊன்றி எழும்பினாள். மகனுக்குக் கிட்டப் போய், அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அல்லது விழுந்து கதறுவாள் என்று.

“இருமல் நிண்டதே?” என்று கேட்டாள்.

“ஓம் அம்மா” என்றான் அருண், தமிழில். “அடுத்த நாளே நிண்டிட்டுது.”